மார்கழிக் கூண்டு

சாந்தோம் பக்கத்துச் சந்தில் இருந்த அந்த வீட்டு வாசலில் "டாக்டர் திருமதி அல்போன்சா காஸ்பர்" என்று பலகை மாட்டியது யாருடைய யோசனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராக இருந்தாலும் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். பலகை ஏறிய மறுநாள் காலையிலேயே வாசற்படியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவருக்கு மூலம், ஒருவருக்குப் பல்வலி, மூன்றாமவர் வந்ததுதான் வந்தோம் காட்டிவிட்டுப் போவோமே என்று வந்தவர்.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க. எலியை வெச்சு ஆராய்ச்சி பண்றவ" என்று அல்போன்சா சொல்லிப் பார்த்தார்.

"எலிக்கே பாக்கறீங்க, மனுசனுக்குப் பாக்க மாட்டீங்களா?" என்று மூலக்காரர் கோபித்துக்கொண்டு போனார்.

ஆனால் டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. வருகிறவர்களை வாசலோடு விரட்டுவாரே தவிர, விரட்டும்போதே கண்ணால் அளந்துவிடுவார். "உங்க கழுத்து வீங்கியிருக்கு, நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். பஸ்ஸில் ஐந்து வரிசைக்கு அப்பால் நிற்கிறவருக்குத் தைராய்டு என்று கண்டுபிடிப்பார். ஒருமுறை அடையாற்றுப் பாலத்தின் மேல் பல்லவன் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம், "முதல்ல எச்சில் முழுங்குங்க, பாக்கறேன்" என்றார். அந்த ஆள் பயந்துபோய் முழுங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

நான் இசக்கியம்மாள். அடையாறில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டெனோ. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். பெண்பிள்ளை கடையில் உட்கார்ந்தால் கௌரவக் குறைச்சல் என்று என்னை டைப்ரைட்டிங் கற்க அனுப்பினார். நான் ஹையர் பாஸானதும், ஆபீசுக்குப் போனால் கௌரவக் குறைச்சல் என்றார். அதற்குள் என் கையில் ஆர்டர் வந்துவிட்டது. அப்பா காலத்துக்குப் பிறகு கடை அண்ணன் சண்முகவேல் கைக்கு வந்தது, நான் ஆபீசிலேயே தங்கிவிட்டேன்.

டாக்டரம்மாவின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான். அவருடைய ஆராய்ச்சியை நானூறு பக்கத்துக்கு மேல் தட்டியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்வேன். எலிக்குட்டி பிறக்கும்போது கண் மூடியிருக்கும். பதினான்கு நாள் கழித்துத்தான் திறக்கும். ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வளர்ச்சிக் காரணி என்று ஒன்று இருக்கிறது. அதை எடுத்துக் குட்டிக்கு ஊசி போட்டால் ஏழெட்டு நாளிலேயே கண்ணைத் திறந்துவிடும். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலோ, கண் திறக்க நாள் தள்ளிப்போகும். இதெல்லாம் வெளிநாட்டில் ஏற்கெனவே கண்டுபிடித்தவைதான். நம்மவரின் கேள்வி வேறு. தைராய்டு ஹார்மோன் தானே நேரில் போய் "திற" என்று உத்தரவு போடுகிறதா, இல்லை இந்தக் காரணியை அனுப்பிச் சொல்லச் சொல்கிறதா?

எங்கள் ஆபீஸ் கணக்கில் சொன்னால், மேனேஜர் எழுந்து வந்து சொல்கிறாரா, பியூன் கையில் சீட்டுக் கொடுத்தனுப்புகிறாரா என்பதுதான் விஷயம். எங்கள் மேனேஜர் எழுந்து வந்து நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு விடை தெரியும் என்றேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆராய்ச்சி விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து நான் பார்த்ததே இல்லை.

இந்தக் கேள்விக்காகத் தாய் எலிகளில் பாதிக்கு, தைராய்டை அடக்கும் மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். மீதிப் பாதிக்கு வெறும் தண்ணீர். எந்தக் கூண்டுக்கு மருந்து என்பது பார்த்துக் குறிப்பெழுதுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு தனக்குப் பிடித்ததையே பார்க்கும் என்பார் டாக்டரம்மா. அதனால் மேல்மாடியில் ஒருவர் தண்ணீர்ப் புட்டிகளைக் கலந்து எண் ஒட்டி அனுப்புவார். எந்த எண்ணில் எது என்ற பட்டியல், அரக்கு வைத்த உறையில், என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில். டைரக்டரே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

இத்தனை கட்டுக்காவலையும் பொன்னுரங்கம் ஒரே வாரத்தில் தவிடுபொடியாக்கினார்.

பொன்னுரங்கம் எலிக்கூண்டு அறைக்குப் பொறுப்பானவர். ஊரூர் குப்பத்துக்காரர், முன்பு கட்டுமரத்தில் போனவர். காலையில் வந்ததும் ஒவ்வொரு கூண்டிலும் கையை விட்டு எலிகளை ஒரு தடவு தடவி, "இன்னாமே, சாப்ட்டியா" என்று விசாரிப்பார். ஒருநாள் டாக்டரம்மா உள்ளே நுழைந்தால், கூண்டுகள் மேல் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. மூன்றாம் கூண்டில் "மார்கழி." நான்கில் "சித்திரை." ஐந்தில் "மார்கழி." எட்டில் மறுபடி "மார்கழி."

"இது என்ன பொன்னுரங்கம்?"

"பேர் வெச்சேம்மா. இதுங்கோ மார்கழி. கைய வெச்சா ஜில்லுனு கீது. மூலையில சுருண்டுக்கினு, பல்புகிட்டயே குந்திக்கினு கெடக்குது. கூப்ட்டா ஒரு நிமிசம் கழிச்சுத்தான் திரும்பிப் பாக்குது. அதோ, அதுங்கோ சித்திரை. தொட்டா சுடுது, துள்ளிக்கினு ஓடுது."

டாக்டரம்மா என்னிடம் ஓடிவந்து அரக்கை உடைத்தார். மூன்று, ஐந்து, எட்டு. அப்படியே இருந்தது. அன்று அவர் போட்ட சத்தத்தில் மேல்மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். மாதக்கணக்கில் செய்த வேலை, கூண்டு மேலே பெயர் எழுதிவிட்டால் யார் நம்புவார்கள் என்று கத்தினார். கத்தி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே எலியைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. என்கிட்ட, இசக்கிகிட்ட, யார்கிட்டயும். நீ பாத்தது உன் மனசோட இருக்கட்டும்."

எல்லாக் கூண்டுகளுக்கும் புது எண், புதுப் பட்டியல், புது அரக்கு. பொன்னுரங்கம் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர். ஒருநாள் எலி ஒன்று தப்பித்து என் மேஜைப் பக்கம் ஓடிவந்தபோதுகூட வாயைத் திறக்காமல் கையால்தான் காட்டினார். நான் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "வாயத் தொறந்து சொன்னா என்ன?" என்றேன். உதட்டின் மேல் விரலை வைத்து, டாக்டரம்மா அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

இது இப்படி இருக்க, டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் காஸ்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா கோயில் சார்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நாற்பத்து நாலு வயது. அவர் பருவமழைப் பாடம் எடுத்தால் பையன்கள் குடை தேடுவார்கள் என்று பேர் வாங்கியவர். கோயில் பாடல் குழுவில் நல்ல கனத்த குரல். பேச ஆரம்பித்தால் கேட்கிறவர் பஸ்ஸை விட்டுவிடுவார். நானே இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒன்றரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோய்க்கொண்டிருந்தார். காலையில் எழுப்ப முடியவில்லை. முகம் உப்பிவிட்டது. குரல் எண்ணெய் போடாத கதவு மாதிரி ஆயிற்று. வகுப்பில் உலகப் படத்தின் மேல் குச்சியை வைத்தபடியே தூங்கிவிடுவார். குச்சி ஆப்பிரிக்காவில் நிற்கும், அடுத்த மணி அடிக்கும்வரை ஆப்பிரிக்காவிலேயே நிற்கும். பையன்கள் அவருக்கு "ஊட்டி" என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணம் என் அண்ணன் கடை.

எழுபத்து நாலாம் வருஷம், பங்குனி வெயில். அண்ணன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏளா இசக்கி, இன்னைக்கு ஒருத்தர் கடைக்கு வந்து ஸ்வெட்டர் கேட்டாரு பாத்துக்கோ! பரண்ல ஏறித் தூசி தட்டி எடுத்துக் குடுத்தேன். எந்த ஊருக்குப் போறியன்னு கேட்டேன். மயிலாப்பூருக்குங்காரு!" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் லஸ் முனையில் பழுப்பு நிற ஸ்வெட்டரில் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற காஸ்பர் சாரைப் பார்த்ததும் அந்த ஒருத்தர் யாரென்று எனக்குப் புரிந்தது. சுற்றி நின்றவர்கள் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல. அவங்க வீட்டு ரத்தமே அப்படி. என் மாமனார் சாய்வு நாற்காலியிலேயே முப்பது வருஷம் வாழ்ந்தவர்" என்றார் டாக்டரம்மா. கல்யாணமான புதிதில் இந்த ரத்தத்தைப் பற்றி யாரோ அவரை எச்சரித்திருக்கிறார்கள். அதனால் அது வெளிப்பட்டபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. நானும் ஆமாம் போட்டேன். போட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை விவகாரம் முற்றிவிட்டது. அன்று கோயிலில் ஆண்டவரின் சிலுவைப்பாடுகளை ஆளுக்கொரு பாத்திரமாக நின்று வாசிப்பார்கள். காஸ்பருக்கு வருஷா வருஷம், இயேசுவை விசாரிக்கும் கவர்னர் பிலாத்து. அவர் உண்மை என்றால் என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்போல் தலையைக் குனிந்தார். சபையே உருகிப்போய்ப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பிலாத்து கேட்க வேண்டிய மீதிக் கேள்விகளைக் கேட்காமலே ஜனங்களாக வாசித்தவர்கள் "சிலுவையில் அறையும்" என்று கூச்சலிட வேண்டியதாயிற்று. பாதிரியாரே தலைமையாசிரியரும். திங்கட்கிழமை கடிதம் வந்தது. மாதம் முடிவதற்குள் காஸ்பர் தாமாக ராஜினாமா கொடுத்தால் மரியாதையாகப் போகலாம், இல்லையென்றால் நிர்வாகம் நீக்கும்.

டாக்டரம்மா வீட்டில் பெரிய சண்டை போடத் தயாராகத்தான் போனாராம். காஸ்பர் சண்டைக்கு வரவில்லை. "நீயே எழுதிடு, அல்போன்சா. கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிய மனுஷர், அந்த வேலை இல்லாவிட்டால் அவருக்கு எதுவுமே இல்லை.

கடிதத்தை டாக்டரம்மா என்னைத்தான் தட்டச் சொன்னார். ஏப்ரல் இருபத்தைந்து அன்று காலை நான் இரண்டு காகிதம் தட்டினேன். ஒன்று ஆராய்ச்சிக் குறிப்பு: முதல் பட்டியலில் மருந்து குடித்த எலிகள் மந்தமாக இருக்கின்றன, வெப்பத்தை நாடுகின்றன, தோல் வறண்டிருக்கிறது, முடி கொட்டுகிறது. இரண்டாவது ராஜினாமா: கடந்த சில காலமாக உடல் சோர்வும் தூக்கமும் குளிரும் குரல் கம்மலும் இருப்பதால் பணியைத் தொடர இயலாத நிலையில் உள்ளேன். ஒரே மெஷின், ஒரே மேஜை, ஒரே கை. எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இரண்டிலும் ஒரு தப்பு இல்லாமல் தட்டி முடித்தேன் என்பதில்தான் பெருமையாக இருந்தது.

பதினோரு மணிக்குக் காஸ்பர் சார் வந்தார், ஸ்வெட்டரோடு. வெளியே தார் இளகிக்கொண்டிருந்தது. என் எதிரே உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, யோசித்து, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. "நல்லா டைப் பண்ணியிருக்கீங்க, இசக்கி" என்றார். எனக்கு அழுகை வந்தது, உறை எடுக்கப் போகிறேன் என்று சொல்லி எழுந்து போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி.

டாக்டரம்மாவும் நானும் தேடாத இடமில்லை. மரத்தடி, காண்டீன், நூலகம். வாட்ச்மேன் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். கடைசியில் தாழ்வாரத்துக் கோடியிலிருந்து பொன்னுரங்கம் எங்களைக் கையாட்டிக் கூப்பிட்டார். வாயைத் திறக்கவில்லை.

அங்கே ஒரு வெப்ப அறை உண்டு. சோதனைக் குழாய்களை உடம்பு சூட்டில் வைத்திருப்பதற்காக, இரவும் பகலும் முப்பத்தேழு டிகிரியில் ஹீட்டர் எரியும். ஜன்னல் கிடையாது. அந்த அறைக்குள் போக வேண்டிய வேலை வந்தால் ஆராய்ச்சி மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. உள்ளே, குழாய்த் தாங்கிகளுக்கு நடுவே, நீள மேஜையின் மேல், ஸ்வெட்டரின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சுருண்டு காஸ்பர் சார் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஐயோ மாதாவே! எழுந்திருங்க! வெந்து போயிடுவீங்க!"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவர் கண்ணைத் திறந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"இங்கதான் கொஞ்சம் சுகமா இருக்கு" என்றார் அந்தக் கதவுக் குரலில். "அதைச் சாத்து அல்போன்சா, காத்து வருது."

டாக்டரம்மா இருந்த கோபத்துக்கு அடுத்து என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் பக்கத்தில் பொன்னுரங்கம் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக, என்னைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொன்னுரங்கம்? சொல்லேன்" என்றேன்.

"பேசக் கூடாதுன்ட்டாங்களேக்கா."

"எலியைப் பத்திதானே பேசக் கூடாதுன்னேன்!" என்று டாக்டரம்மா சீறினார்.

"எலியப் பத்திதாம்மா."

"சொல்லித் தொலை!"

பொன்னுரங்கம் உள்ளே போனார். எலிக்கூண்டில் விடுவாரே, அதே மாதிரி பதமாகக் கையை நீட்டி, சாரின் கன்னத்திலும் முன்கையிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்த அனலில் எங்கள் மூன்று பேருக்கும் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. சாரின் நெற்றியில் ஒரு முத்துக்கூட இல்லை.

"கோச்சுக்காதம்மா," என்றார் பொன்னுரங்கம். "சாரும் மார்கழிக் கூண்டுதான்."

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். பஸ்ஸில் ஐந்து வரிசைக்கு அப்பால் இருக்கும் ஆளைப் பார்ப்பாரே, அப்படி, முதல் தடவையாகப் பார்த்தார். உப்பிய முகம். வறண்ட தோல். புருவத்தின் வெளி ஓரத்தில் முடியே இல்லை. அந்தப் புருவத்தை அவர் தினமும் காலையில் எதிரில் வைத்துக்கொண்டுதான் காப்பி குடித்தார். எலிக்குட்டி கண் திறக்கப் பதினான்கு நாள். எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. டாக்டரம்மா அந்தச் சூட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாத்துங்களேன்" என்றார் காஸ்பர் சார், மேஜை மேலிருந்து.

அன்று மாலையே ராயப்பேட்டையில் டாக்டர் வஜீஹாவிடம் போனோம். இவர் நிஜ டாக்டர், அதாவது மனிதர்களைப் பார்க்கிறவர். காஸ்பரை நாற்காலியில் மண்டியிடவைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். எல்லாருக்கும் கால் வெடுக்கென்று உதறும். இவருடைய பாதம் கொஞ்சம் அசைந்து, ஆற அமரப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கலாம்.

"தைராய்டு சுத்தமா வேலை செய்யல. ரத்தப் பரிசோதனை எடுப்போம், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை," என்றார் டாக்டர் வஜீஹா. "எவ்வளவு நாளா இப்படி இருக்கீங்க?"

"ஒன்றரை வருஷமா."

"ஒன்றரை வருஷமா? வீட்டுல யாரும் கவனிக்கலையா? உங்க மிஸஸ் என்ன பண்றாங்க?"

காஸ்பர் சார் நிதானமாக யோசித்து, "ஹார்மோன் ஆராய்ச்சி பண்றாங்க" என்றார்.

சத்தியமாக அவர் குத்திக்காட்டவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டாக்டர் வஜீஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டாக்டரம்மாவைப் பார்த்து, மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார். வீடு திரும்பும் பஸ்ஸில் டாக்டரம்மா யார் கழுத்தையும் பார்க்கவில்லை. மயிலாப்பூர் குளம் தாண்டியபோது என் காதருகே சொன்னார்: "முன்பின் தெரியாதவங்களை எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன்னு துரத்தினேன், இசக்கி. இவரை மட்டும் எழுந்திருன்னுதான் துரத்தினேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும்தானே ஆமாம் போட்டவள்.

மறுநாள் டாக்டரம்மா தலைமையாசிரியரிடம் போய் நின்றார். சோம்பேறித்தனம் இல்லை, நோய் என்றார். பாதிரியார் மோசமானவர் இல்லை, ஆனால் பிலாத்து குறட்டைவிட்டதை அவரால் மறக்க முடியவில்லை. கடைசியில் ஒரு சலுகை தந்தார். ஜூன் பத்தாம் தேதி பள்ளி திறக்கிறது. அன்று காலையில் தொடர்ந்து மூன்று வகுப்பு எடுக்கட்டும், தானே பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். தூங்கினாலோ குரல் எழும்பாவிட்டாலோ, கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தை அன்றே வாங்கிக்கொள்வார். அதுவரை அது என்னிடம் இருந்தது, எலிப் பட்டியலுக்குப் பக்கத்தில், பூட்டிய இழுப்பறையில். கையில் இருந்தது ஆறரை வாரம்.

மாத்திரை சின்னதாக இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. டாக்டரம்மா வீட்டில் வரைபடத் தாளை ஒட்டி, காஸ்பரின் எடை, நாடி, தூங்கிய மணி எல்லாம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் பஸ் ஏறி சாந்தோமுக்கு வந்து, சாரின் கையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் மார்கழிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். கத்தரி வெயில் கொளுத்திய நாட்கள் அவை. அந்த வீட்டில் மட்டும் மார்கழி போகாமல் உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வாரம் ஒருநாள் பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே வைத்திருந்தார். "தை பொறந்துச்சும்மா" என்றார். டாக்டரம்மா ஓடிப்போய் வரைபடத்தைப் பார்த்தார். நாடி அன்றுதான் நாலு புள்ளி ஏறியிருந்தது.

பின்னால் கட்டுரை அச்சாகப் போனபோது, கடைசிப் பக்கத்து நன்றியுரையில், "உடல் வெப்பத்தை மதிப்பிட்டு உதவிய திரு. பொன்னுரங்கத்துக்கு" என்று டாக்டரம்மா ஒரு வரி சேர்த்தார். எந்தக் கருவியால் மதிப்பிட்டார், அதன் தயாரிப்பாளர் யார் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு எழுதினார்கள். என்ன பதில் எழுதுவது என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம். அது வேறு கதை.

மே கடைசியில் மாசி. ஸ்வெட்டரில் மேல் இரண்டு பட்டன் திறந்தன. குரலில் கரகரப்புக் குறைந்தது. ஜூன் எட்டாம் தேதி பொன்னுரங்கம் உதட்டைப் பிதுக்கினார். "பங்குனிம்மா. முக்கால் பங்குனின்னு வெச்சுக்கோ. இன்னும் ரெண்டு வாரம் குடுத்தா சித்திரை வந்துரும்."

"ரெண்டு நாள்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். கடிதம் என் கைப்பையில் இருந்தது. பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே, நிழலே இல்லாத நடைபாதையில் டாக்டரம்மாவும் நானும் நின்றோம். காஸ்பர் சார் ஸ்வெட்டரைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே போனார், எதற்கும் இருக்கட்டும் என்று. முதல் மணி அடித்தது. இரண்டாவது மணி அடித்தது. டாக்டரம்மா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு, "மூணாவது பீரியடுலதான் வழக்கமாத் தூங்குவார்" என்றார். நான் எங்கள் குலசாமியை வேண்டிக்கொண்டேன். என் பெயரிலேயே இருக்கிறவள், கேட்கமாட்டாளா?

மூன்றாவது மணியும் அடித்து, பையன்கள் இரைச்சலாக வெளியே வந்தார்கள். இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போகும்போது, தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதினால் ஏன் இந்தப் பக்கம் மழை பெய்யாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா என் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது.

பிறகு காஸ்பர் சார் வந்தார். கூடவே பாதிரியார் கேட்வரை வந்து, எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். எனக்கு அது போதும். ஆனால் டாக்டரம்மா பாதிரியாரைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. மடித்த ஸ்வெட்டரால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக நாங்கள் கேட்காத அந்தக் கனத்த குரலில், எரிச்சலோடு சொன்னார்:

"என்ன ஊர் இது! இப்படியா புழுங்கும்? ஒரு காத்து உண்டா?"

டாக்டரம்மா நடுத்தெருவில், ஊர் பார்க்க, அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார். ஈரச் சட்டையின் மேல் அப்படியே வைத்திருந்தார். பொன்னுரங்கம் வைப்பது மாதிரியே.

"இசக்கி," என்றார், "சித்திரை."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்குமேல் அழுதுவிட்டார். நானும் அழுதேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்தேன், கார்பன் காப்பியோடு சேர்த்து. நான் தப்பில்லாமல் தட்டிய கடிதங்களில் கிழிக்கும்போது சந்தோஷமாக இருந்தது அது ஒன்றுதான்.

"எதுக்கு ரெண்டு பேரும் அழறீங்க? நிழலுக்கு வாங்க, வெயில் மண்டையப் பொளக்குது" என்றார் காஸ்பர் சார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"எதை?"

"வெயில்னு."